ஓட்டிப் பார்த்தல்

“கால் நல்லாத்தானுங்களே இருக்கு, ஆட்டோமேட்டிக் எதுக்குங்க?” என்று கேட்டாள் ராஜப்ரியா, சீட் பெல்ட்டை இழுத்து மாட்டியபடி.

“இடது கணுக்கால்ல பிளேட் வெச்சிருக்குங்க,” என்றான் அஸ்வந்த். “போன மழையில பைக்கோட விழுந்துட்டேன். நடக்க, ஓட ஒரு தொந்தரவும் இல்ல. கிளட்ச்சை மிதிச்சு மிதிச்சு கூடலூர் வரைக்கும் போயிட்டு வந்தா வீங்கிக்குது.”

பின் சீட்டிலிருந்த அவன் அம்மா இந்துமதி பலமாக இருமினாள். “அதெல்லாம் சுத்தமா ஆறிப்போச்சு கண்ணு. டாக்டரே சொல்லிட்டாரு.”

வண்டி வாங்க வந்த இடத்தில் தன் காலுக்கு அம்மா ஏன் உத்தரவாதம் கொடுக்கிறாள் என்று அஸ்வந்துக்குப் புரியவில்லை.

ஊட்டியில் உரக்கடை வைத்திருப்பவன் அவன். இதுவரை பார்த்த வண்டிகளில் ஒன்றும் தேறவில்லை. ஒன்று மேட்டில் முக்கியது, இன்னொன்று வெள்ளத்தில் முங்கி எழுந்தது. வண்டி விஷயத்தில் வாயே திறக்காத அம்மாதான், குன்னூரில் தெரிந்தவர்கள் வீட்டில் நல்ல வண்டி ஒன்று இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்று கிளப்பினாள்.

அந்தக் குன்னூர் வீட்டுக்காரர் நல்லசாமி கேட்டிலேயே நின்று அவனை மேலும் கீழும் பார்த்தார். “வண்டியப் பத்தி எம் பொண்ணுக்குத்தான் தெரியும். அது கூட வரும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பெண் ராஜப்ரியாவுக்குத் தேயிலை ஃபேக்டரியில் தரம் பார்க்கிற வேலையாம்.

அஸ்வந்த் லீவரை டிரைவுக்குத் தள்ளினான். வண்டி சத்தமில்லாமல் மேடேறியது. அவனுடைய இடது கால் மட்டும் பழக்க தோஷத்தில் ஒவ்வொரு வளைவிலும் இல்லாத கிளட்ச்சைத் தேடித் தரையை மிதித்தது.

வண்டிச்சோலை ஊரைத் தாண்டி இறக்கத்தில் ஒரு குறுகலான வளைவு. எதிரே பச்சைத் தேயிலை ஏற்றிய லாரி முக்கி முனகி ஏறி வந்தது. அஸ்வந்த் நிறுத்தி, ரிவர்ஸில் போய் ஓரங்கட்டினான். பின்னால் நின்ற சுற்றுலாக் காரும் பின்வாங்க வேண்டியதாயிற்று. அதிலிருந்தவர் தலையை வெளியே நீட்டி அவனையும் அவன் வம்சத்தையும் திட்டினார்.

“பதிலுக்கு ஒண்ணும் சொல்லலீங்களா?” என்றாள் ராஜப்ரியா.

“ஏறுற வண்டிக்குத்தானுங்களே வழி விடணும். பாவம், அவருக்கு நம்ம மலைப் பழக்கம் தெரியல.”

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

அடுத்த திருப்பத்தில் ஒரு காட்டெருமை நடுரோட்டில் நின்றிருந்தது. அஸ்வந்த் தள்ளியே நிறுத்தினான்.

“ஹாரன் அடிக்க மாட்டீங்களா?”

“அடிச்சா என்ன பண்ணுவேன்னு அதுக்கே தெரியாதுங்க.”

காட்டெருமை யோசித்து முடித்துத் தோட்டத்துக்குள் இறங்கும்வரை காத்திருந்தார்கள். ராஜப்ரியா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைக்குப் போக வர வண்டி ஓட்டுவது அவன் மட்டும்தானா? வீட்டில் வேறு யாருக்காவது தேவைப்பட்டால் சாவி கொடுப்பானா?

“சாவி ஆணியில தொங்கும். யாருக்கு வேணுமோ எடுத்துட்டுப் போக வேண்டியதுதானுங்க.”

வண்டியை விற்பதற்கு இவ்வளவு விசாரிக்கிறாளே, ஆசையாக வளர்த்த வண்டி போலிருக்கிறது என்று அவனுக்கு மரியாதைகூட வந்தது.

“திரும்பறப்ப நான் ஓட்டறேங்க,” என்றாள் அவள். “பக்கத்துல உக்காந்தாத்தான் தெரியும்.”

இடம் மாறினார்கள். அவள் ஓட்டிய வேகத்தில் வளைவுகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. அஸ்வந்த் மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். இந்துமதி பின்னால் கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“பயமா இருக்குங்களா?”

“இருக்குதுங்க.”

“மெதுவாப் போன்னு சொல்லலியே?”

“ஓட்டறது நீங்க. ரோடு உங்களுக்குத் தெரியுது, பிரேக்கும் சரியான இடத்துல போடறீங்க. என் பயத்துக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?”

அதன்பிறகு அவள் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டாள். வீடு வரும்வரை எதுவும் கேட்கவில்லை.

வாசலில் வண்டியை நிறுத்தினாள். அஸ்வந்த் இறங்கிக் குனிந்து டயர்களைத் தடவிப் பார்த்தான். முன் பம்பரில் ஒரு நசுங்கல் இருந்தது.

“அது நான் கேட்டுல இடிச்சதுங்க,” என்றாள் அவள், ஜன்னல் வழியாக.

“பரவாயில்லைங்க, தட்டி எடுத்துடலாம்.” அவன் நிமிர்ந்தான். இத்தனை நாள் அலைச்சலுக்கு இன்றோடு முடிவு வந்துவிடும் என்று மனம் லேசாகியிருந்தது. “எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. சுத்தி வளைச்சுப் பேச எனக்குத் தெரியாதுங்க. விலையச் சொல்லுங்க, இன்னைக்கே முடிச்சுக்கலாம்.”

“இந்த வண்டி விக்கறதுக்கு இல்லீங்களே,” என்றாள் ராஜப்ரியா.

அஸ்வந்த் விழித்தான். “அப்புறம் எதுக்குங்க இவ்வளவு தூரம் ஓட்ட விட்டீங்க?”

அவள் சாவகாசமாக சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பின் சீட்டுப் பக்கம் திரும்பினாள்.

“எனக்கு மாப்பிள்ளையப் புடிச்சிருக்குங்க அத்தை. வண்டி பாக்க வரல, பொண்ணு பாக்க வந்திருக்கோம்னு இப்பவாச்சும் அவருகிட்டச் சொல்லிடுங்க.”