பதினான்காம் எண்ணுக்கு ஐம்பது நிமிடம்

“ஐம்பது நிமிஷமா? அந்தப் பதினாலாம் நம்பர் வீட்ல அப்படி என்னம்மா வேலை உங்களுக்கு?”

உறுப்பினர் கையிலிருந்த தாளை விரலால் தட்டினார். மன்றத்தில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். அறிக்கையில் ஒரு கால்புள்ளி இடம் மாறியிருந்தால்கூட மனுஷர் விடமாட்டார்.

நர்ஸம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்பேர்ப்பட்ட புண்ணையும் அசராமல் பார்க்கிறவளுக்கு மைக் என்றால் உதறல்.

நகர மன்றத்தின் சுகாதாரக் குழு, வீடு தேடிப் போகும் நர்ஸ் சேவையை அன்று பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம்தான், அதற்கு மேல் கூடாது. இது பூதக்கண்ணாடி கொண்டுவந்த தீர்மானம். நிறைவேறிவிட்டால் மூன்று நர்ஸ்களுக்குப் பதில் இரண்டு பேர் போதும். மூவரில் கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் இவள்தான்.

நோயாளியின் பெயர் வெளியே தெரியக் கூடாது என்பது விதி. அதனால் அன்று காலையில் எல்லோர் கைக்கும் வந்த தாளில் பெயரும் இல்லை, தெருவும் இல்லை. வெறும் எண்கள். எந்த எண் யார் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“மத்த வீட்ல எல்லாம் இருபது, இருபத்தஞ்சு. இங்க மட்டும் ஐம்பது. அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள்! கட்டுப் போடுறீங்களா, இல்ல ஊர்க்கதை பேசுறீங்களா?”

கூடம் கொல்லென்று சிரித்தது.

அவளுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வேலையே போகப்போகிற நேரத்தில் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது! உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“கட்டு மாத்தப் பத்து நிமிஷம் போதுங்க. ஆனா அவருக்கு வலி தாங்காது, காலை வெடுக்குனு இழுத்துக்குவார். பேச விட்டா வலி மறந்துடும். அதனால அவர் பேசிக்கிட்டே இருப்பார், நான் உம் கொட்டிக்கிட்டே மெதுவாச் சுத்தம் பண்ணுவேன். போன வருஷம் பாதத்தையே எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. இப்ப புண்ணு கடலை அளவுதான் இருக்கு.”

ஆரம்பத்தில் நடுங்கிய குரல் போகப்போகத் தெளிந்துவிட்டது. அந்தப் பாதத்தை நினைத்தாலே அவளுக்குப் பெருமை. எடுத்துவிடச் சொன்ன பாதம் இன்று ஊரெல்லாம் நடக்கிறது. வேலை போனாலும் அந்தச் சந்தோஷத்தை யாரும் பிடுங்க முடியாது.

அப்படி என்னதான் பேசுவாராம் என்று குழுத் தலைவி ஆவலை அடக்க முடியாமல் கேட்டார்.

“எல்லாம் பொது விஷயம்தாங்க. நல்லாப் பேசுவார். என்ன, கொஞ்சம் நீளம்.”

மறுபடியும் சிரிப்பு. பூதக்கண்ணாடி மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தீர்மானத்தை வாபஸ் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

இத்தனை வருடத்தில் அவர் எதையும் வாபஸ் வாங்கியதே கிடையாது. தலைவி நம்பாமல் இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் எழுதிக்கொண்டார்.

அப்பாடா! அவளுக்கு உடம்பே லேசானது. வெளியே வந்து, தாழ்வாரத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து மடமடவென்று குடித்தாள்.

எல்லோரும் போனபின் பூதக்கண்ணாடி மெல்ல அடியெடுத்து வைத்து வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒருவரும் இல்லை.

“நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குத்தானே சிஸ்டர்?” என்று அடிக்குரலில் கேட்டார்.

“அதே நேரம்தான் சார். நேத்து கட்டு மாத்துறப்போ தீர்மானப் பேச்சை எனக்கு வாசிச்சுக் காட்டினதவிட, இன்னைக்கு நல்லாவே பேசினீங்க.”