டிக்கியில் ஒரு தகடு

தனசேகர் வாங்கிய பழைய கருப்புக் காரின் பின் சீட்டுக்கு அடியில், துணியில் சுற்றிய பித்தளைத் தகடு ஒன்று கிடைத்தது. ‘பரமேஸ்வரி மோட்டார்ஸ்’ என்று பொறித்திருந்தது. புது வண்டி விற்கும் கடைகள் அந்தக் காலத்தில் டிக்கி மூடியில் மாட்டிவிடும் தகடு. டிக்கியிலோ அதற்கான இரண்டு ஓட்டைகளையும் பட்டி பூசி அடைத்து, மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். “நல்ல சாமானா இருந்தா எதுக்கு ஒளிச்சு வைக்கணும்? மாட்டாதீங்க” என்றாள் மனைவி வசுமதி. தகடு இருந்தால்தான் வண்டிக்கு மதிப்பு என்று சொல்லி, அவர் ஓட்டைகளைச் சுரண்டித் திறந்து அதைத் திருகி மாட்டினார். பழைய கார்களின் கண்காட்சியில் எல்லோரும் முன்பக்கம் நின்று படம் எடுத்துக்கொள்ள, ஒரு பெண் மட்டும் பின்பக்கத்தை விட்டு நகரவில்லை. “இது எங்கப்பா கடை” என்றாள். தனசேகருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அப்படியா? இந்த வண்டிய முதல்ல யாருக்கு வித்தாங்கன்னு தெரியுமா?” “விக்கலீங்க. எங்க கடைக்கு வந்த ஒரே கருப்பு வண்டி இதுதான். ஓட்டிப் பாக்கணும்னு ஒருத்தர் வந்தாரு. அப்பாவும் கூட ஏறிப் போனாரு. அப்புறம் வரவே இல்ல.” அதுவரை தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.