தொட்டிலில் கிடந்த கல்

கொல்லையில் கடுகு இலைமேல் பட்டாம்பூச்சி முட்டையிட்டால், அந்த இடம் மட்டும் வட்டமாகக் கருகி, முட்டையோடு உதிர்ந்துவிடும்.

"பொரிஞ்சா புழு தின்னுடும்னு செடிக்குத் தெரியுது பாவா. அதான் உதறிகினு கீது," என்று கணவன் ஹரிஹரனிடம் வியப்பாள் கோமளவல்லி.

பிள்ளை வரம் வேண்டி, தறியில் மிஞ்சிய துணியில் ஒரு கூழாங்கல்லைக் கிடத்தி, திருத்தணி மலைப்படியோர வேப்பமரத்தில் தொட்டில் கட்டியிருந்தாள். கரு தங்கிய ஐந்தாம் மாதம் இருவரும் படியேறினார்கள். மற்றவர்களின் தொட்டில்கள் பச்சைக் கிளைகளில் ஆடின. அவள் கட்டிய கிளை மட்டும் கருகி, தொட்டிலோடு கீழே விழுந்து கிடந்தது.

"கட்டசொல்ல பச்சையாத்தானே இருந்துச்சு?" என்றான் ஹரிஹரன்.

அவள் துணியை அவிழ்த்தாள். கல் இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே பொரிந்த முட்டையின் ஓடு போல வழவழப்பாக, வெறுமையாக இருந்தது.

வயிற்றில் பிள்ளை முதன்முறையாகப் புரண்டது.