அந்த வளைவு

“ரோட்டைப் பழையபடி நேராவே போட்டுடுங்கம்மா” என்று மாரியாயி கேட்டதும் ப்ரீத்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பின்னே? யாருக்காக அந்த ரோட்டை வளைத்தாளாம்?

பச்சைமலையில் ஒரு குக்கிராமத்துக்கு ரோடு டிசைன் செய்யும் வேலை, மன்னார்புரத்தில் ப்ரீத்தியின் ஆபீஸுக்கு வந்திருந்தது. தரையில் அங்கங்கே சுண்ணாம்பால் கூட்டல் குறி போட்டு, அந்த இடங்களை அளந்து வைத்துக்கொண்டு, ட்ரோன் விட்டு மேலிருந்து போட்டோ எடுத்தார்கள். அந்தக் குறிகளை வைத்துத்தான் போட்டோவைக் கம்ப்யூட்டரில் இம்மி பிசகாமல் உட்கார வைத்தாள் ப்ரீத்தி. அதன்மேல் ரோட்டுக்குக் கோடு இழுத்தாள். மாரியாயியின் மரவள்ளிக் கொல்லையில் காலியாகக் கிடந்த மூலை வழியாக நேராகப் போனது கோடு.

நேரில் போய்ப் பார்த்தால், அந்த மூலையில் சின்னதாக ஒரு மண்மேடு. மாரியாயியின் மகள். போட்டோ எடுத்தபிறகு காய்ச்சலில் போய்விட்டாள். ஐந்து வயசுக் குழந்தையை எரிக்கவா முடியும்? சொந்தக் கொல்லையிலேயே புதைத்திருந்தார்கள்.

அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்கு வந்த ப்ரீத்திக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே கோட்டை வளைத்துவிட்டாள். வளைத்தால் காட்டு இலாகா நிலத்தில் ஏறும், அனுமதி வர வருஷக்கணக்காகும் என்று பக்கத்து சீட் சுரேஷ்குமார் தலையில் அடித்துக்கொண்டான். ஆகட்டும் என்றாள்.

இப்போது என்னடாவென்றால், பெற்றவளே பஸ் பிடித்து வந்து நேராகப் போடச் சொல்கிறாள். வளைந்தால் அவள் நிலம் தப்பிவிடும், நஷ்டஈடு வராது. வேறென்ன? சீ, இப்படியும் ஒரு தாயா?

ப்ரீத்தி போட்டோவைப் பெரிதாக்கினாள். ஒரு கூட்டல் குறிக்குப் பக்கத்தில், சிவப்புப் பாவாடையில் ஒரு சின்ன உருவம் ட்ரோனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

“இது யாருன்னு தெரியுதா?”

மாரியாயி திரையைத் தொடப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். அழுதாள். ப்ரீத்திக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை.

“இவ படுத்திருக்கிற இடத்துக்குத்தான் காசு கேக்குறீங்க.”

“காசு வேணாங்க. நிலத்தைச் சும்மாவே எழுதித் தரேன்.”

“அப்புறம் ஏன்?”

“வளைச்சா வருஷக்கணக்காகும்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க.” மாரியாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ரோடு இல்லாமத்தாங்க இவளைத் தூளி கட்டித் தூக்கிட்டு எறங்குனோம். பாதி மலையிலயே மூச்சு நின்னுபோச்சு. ஊர்ல இன்னும் புள்ளைங்க இருக்குங்க. எம்மக மேலயே போட்டுடுங்கம்மா.”