பாதி விலை

ஒரு பெண்குழந்தையின் ஆறு வருஷத்துக்கு விலை மூவாயிரத்து அறுநூறு ரூபாய். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோ ஓட்டும் தாவீது அதைப் பாதிக்குக் கேட்டார்.

"இன்னாண்ணா, கட்டைப்பையில போடுற கத்திரிக்காயா இது? இன்டர்நெட்டுல இடத்துக்கு வருஷ வாடகை. கம்பெனிக்காரன் வெச்ச ரேட்டு" என்றாள் நஸ்னீன். பிள்ளையார்பாளையத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தாலும் அவள் ஜரிகை வியாபாரி லியாகத் அலியின் மகள். விலையைச் சொல்லிவிட்டால், மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் முகம் அசையாது.

"ஆயிரத்து எண்ணூறுதாம்மா இருக்குது. இன்னியோட கெடு முடியுது. கட்டலன்னா எல்லாத்தையும் அழிச்சிடுவேன்னு மெயில் போட்டுக்கினே இருக்கறான். எங்க வூட்டுக்காரி லில்லி தெனம் இதப் பார்த்தாத்தான் ஒரு வாய் சோறு துன்னுது."

சவாரிக்குக் காத்திருந்த நேரத்திலெல்லாம் போனில் பாடம் பார்த்து, அவரே தட்டித் தடவிக் கட்டிய வெப்சைட் அது. குழந்தை பிறந்ததிலிருந்து மாதாமாதம் வீடியோ. அதே சிவப்பு நாற்காலி, அதில் பாப்பா.

"போன்ல காப்பி இல்லியாண்ணா?"

"அந்த போனு மழையில ஊறிப்போச்சு. இங்க இருக்கிறதுதான் மிச்சம்."

"போன ஆடி மாசத்தோட வீடியோ நின்னுடுச்சே, ஏன்?"

"அப்புறம் எடுக்கல." தாவீது தெருவைப் பார்த்தார். அங்கே நடுவில் நின்ற அவர் ஆட்டோவுக்குப் பின்னால் எவனோ ஹாரனை அலறவிட, ஓரங்கட்ட ஓடினார்.

அவர் மகள் ஏஞ்சல் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஏழு வயதிருக்கும். நஸ்னீன் ஒரு சாக்லேட் நீட்டினாள். சிறுமி பாதியைக் கடித்துக்கொண்டு, மீதியைக் காகிதத்தில் மடித்துக் கவுன் பையில் பத்திரப்படுத்தினாள்.

"அப்பனுக்கேத்த பொண்ணு! எதுலயும் பாதிதான் கணக்கு" என்று சிரித்தபடியே நஸ்னீன் தளத்தின் ஃபைல்களைத் திறந்தாள்.

மாதத்துக்கு ஒரு ஃபோல்டர். ஒவ்வொன்றிலும் ‘பாப்பா’ என்று ஒரு வீடியோ, ‘பாப்பா 2’ என்று இன்னொன்று. நாலைந்தை லேசாகத் தொட்டுப் பார்த்தாள். அதே முகம், அதே கவுன், அதே நாற்காலி.

ஒரே ஃபைலைத் தெரியாமல் இரண்டு தடவை ஏற்றினால் கம்ப்யூட்டர் தானாகவே இப்படி ஒரு ‘2’ போட்டுவிடும். பாவம், மனுஷன் ஒரே சரக்குக்கு ரெண்டு குடோன் வாடகை கட்டிக்கொண்டிருக்கிறார்!

அவரைக் கேட்கலாம். கேட்டால் அதற்கும் ஒரு பேரம் ஆரம்பிக்கும். நஸ்னீன் ‘2’ எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள். அழித்தால் திரும்பக் கிடைக்காது, சரியா என்று திரை கேட்டது. சரி என்றாள்.

மிச்சமிருந்தவை பாதி வாடகைக்குக் கிடைக்கும் சின்ன இடத்தில் கச்சிதமாக அடங்கின. ஆயிரத்து எண்ணூறைத் தன் கணக்கிலிருந்தே கட்டி, அடுத்த வருஷத்துக்கும் புதுப்பித்துவிட்டாள்.

"உங்க ரேட்டுக்கே முடிச்சிட்டேண்ணா! எனக்குக் கூலிகூட வேணாம்."

உள்ளே வந்த தாவீதுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லா இருப்பம்மா. வூட்டுல போயி என்னா பதில் சொல்றதுன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கினு வந்தேன்." சட்டைப்பையிலிருந்து கசங்கிய நோட்டுகளை எடுத்து எண்ணத் தொடங்கினார்.

அதற்குள் ஏஞ்சல் மவுஸைப் பிடித்து ஒவ்வொரு வீடியோவாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இதுவும் நானு… இதுவும் நானு… எல்லாம் நானேதான் இருக்கேன். நதியா எங்கப்பா?"

எண்ணிய கை நின்றது. தாவீது குனிந்து திரையைப் பார்த்தார். ஒரு ஃபோல்டரைத் திறந்தார். அடுத்ததை. அதற்கடுத்ததை.

"அந்த ‘2’ எல்லாம் டபுள் காப்பிதானேண்ணா?" நஸ்னீனின் குரல் முதல்முறையாக இறங்கியது. "இடம் அடங்கட்டும்னு நாந்தான் அழிச்சேன்…"

தாவீது விட்ட இடத்திலிருந்து எண்ணி முடித்தார். ஆயிரத்து எண்ணூறு, சரியாக இருந்தது. மேஜைமேல் வைத்தார்.

"ரெட்டைப் புள்ளைங்கம்மா. ரெண்டாவதத்தான் போன ஆடியில பொதைச்சோம்."