உற்சாகப்படுத்தும் வேலை

தெமோதரைக்கு மேலே, பஸ் எட்டாத தேயிலைத் தோட்ட டிவிஷன். அங்குள்ள தொழிலாளர்களைத் தினமும் பார்த்துப் பேசி உற்சாகப்படுத்தும்படி, புதிதாக வந்த உதவி நிர்வாகியான சின்னத்துரைக்குக் கொழும்பிலிருந்து உத்தரவு.

"எங்க லயத்து வீட்டுக் கூரை ஒழுகுதுங்க தொரை" என்றாள் பெரியாயி.

அவரே மழையில் ஏறி, தகரத்து ஓட்டையை அடைத்தார்.

"இப்ப சந்தோஷமா?"

"ரொம்ப சந்தோஷமுங்க!"

தொழிலாளர்கள் உற்சாகமாகிவிட்ட பூரிப்பில், நனைந்தபடியே விசிலடித்துக்கொண்டு பங்களாவுக்குப் போனார்.

பெரியாயியின் மருமகள் ஜெயலெட்சுமிக்குப் பொறுக்கவில்லை. "நல்லா இருந்த கூரைய எதுக்கு அத்தே கம்பியால குத்துனீங்க?"

"போன தொரை பொழுது போகாம வேற தோட்டத்துக்கு மாத்தம் வாங்கிட்டு ஓடிட்டாரு. இவரு ஒருத்தருதான் நம்மள ஏசாத தொரை. இவரையும் விட்டுறவா? நாளைக்கு நீ பைப்ப அடைச்சு வை!"