அசல் எங்கே?

குடிநீர் இணைப்பு கேட்டு அந்த அலுவலகத்துக்கு அவர் வருவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். அடுத்த தடவை வீட்டுக்காரரின் கடிதம். இன்று இரண்டையும் நீட்டினார்.

குமாஸ்தா புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "பாஸ்போர்ட் எங்கப்பா?"

"நகல் இருக்கு சார்."

"நகலை வச்சு நான் என்ன பண்றது? வெளிநாட்டு ஆளுங்க அசலைக் காட்டணும்."

"அசல் வந்து சார்..."

"தொலைச்சிட்டியா?"

"இல்ல சார். வீட்டுல கைக்குழந்தை இருக்கு. என் பொண்டாட்டி மூணு மாடி தண்ணி சுமந்து ஏறுறா."

"அதுக்காகக் கண்டவனுக்கும் குழாய் குடுக்க முடியுமா? நீ யாரு எவருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவருக்குச் சுருக்கென்றது. குளித்துவிட்டுத் துவைத்த சட்டையில் வந்ததுதான் தப்பு. தினமும் வருவதுபோல் சேறும் சகதியுமாக வந்திருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும்.

"இந்த ஊருக்கே குழாய் பதிக்கிறவன் சார் நான். இதே ஆபீஸ்ல, உங்ககிட்டதான் தினம் கையெழுத்துப் போடுறேன்."

குமாஸ்தா ஒரு நொடி உற்றுப் பார்த்தார். "ஓ, நீயா! இருக்கட்டும். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். அசல் எங்க?"

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே, ஓடிப்போயிடுவோம்னு எல்லார்கிட்டேயும் பிடுங்கி வச்சீங்களே!" முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கிற பீரோவுலதான் இருக்கு. சாவி உங்க இடுப்புல தொங்குது."